கொழும்பில் 14, திருகோணமலையில் 2: ஆசனங்கள் பங்கிடப்பட்ட விதம்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை உண்மையில் மூன்று கேள்விகள். 2024 நவம்பர் 14 ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி கொழும்பு மாவட்டத்தில் 68.63 சதவீத வாக்குகளுடன் 18 ஆசனங்களில் 14 ஐப் பெற்றது. அதே கட்சி நமது திருகோணமலையில் 42.48 சதவீத வாக்குகளுடன் 4 இல் 2 ஐப் பெற்றது. அதே ஆண்டில் இந்தியத் தலைநகர் டெல்லியில் பாரதிய ஜனதாக் கட்சி 54.35 சதவீதம் மட்டும் பெற்று 7 தொகுதிகளையும் வென்றது. இந்த மூன்றுக்கும் இடையில் என்ன கணக்கு இருக்கிறது என்பது உங்கள் முதற் கேள்வி. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்குக் கொடுக்கப்படும் போனஸ் ஆசனம்தான் திருகோணமலையில் சிறுபான்மைக் கட்சிகளுக்குப் போக வேண்டிய ஓர் இடத்தைப் பறித்துக்கொண்டதா என்பது இரண்டாவது. அடுத்த தேர்தலில் ஒரே கட்சி இங்கு 3 ஆசனங்களை எடுத்துவிடக் கூடுமா என்பது மூன்றாவது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தேர்தல் முடிந்த நாளிலிருந்து பஸ் நிலையத்து தேநீர்க் கடைகளில் அதிகம் அடிபட்ட பேச்சு அதுதான். போனஸ் ஆசனம் எதையும் பறிக்கவில்லை. அந்த ஏற்பாடு அறவே இல்லாதிருந்தாலும் திருகோணமலையின் முடிவு மூன்று கட்சிகளுக்கு 2, 1, 1 என்றே வந்திருக்கும். கொழும்பின் முடிவும் 14, 4 என்றே வந்திருக்கும். இதை நம்புவதற்குக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கட்சிகள் பெற்ற வாக்குகள் தேர்தல் ஆணைக்குழு அறிவித்தவை. அவற்றிலிருந்து ஆசனங்களை நான் அரசியலமைப்பின் விதிப்படி பிரித்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்பட்ட முடிவே வருகிறது.

முதலில், "தலைநகரின் முடிவு" என்று நாம் சொல்வது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இலங்கையின் பாராளுமன்றத் தேர்தலில் கொழும்பு நகரம் என்று தனியான ஓர் அலகு கிடையாது. கொழும்புத் தேர்தல் மாவட்டம் என்பது 15 தேர்தல் தொகுதிகளின் கூட்டு. அதில் கொழும்பு வடக்கு, கொழும்பு மத்தி, பொரளை, கொழும்பு கிழக்கு, கொழும்பு மேற்கு ஆகியவை நகரத்துக்குரியவை; தெஹிவளை, மொரட்டுவை, மகரகமை, கடுவளை, ஹோமாகமை, அவிசாவளை என்று மீதி நகருக்கு வெளியே விரிந்து செல்கின்றது. சட்டப்படி தலைநகரமாக உள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயும் அந்த 15 இல் ஒன்றுதான். ஆகவே 68.63 சதவீதம் என்பதை நகரவாசிகளின் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு. அந்தத் தேர்தல் நடந்து ஆறு மாதங்களில், 2025 மே மாதம் கொழும்பு மாநகர சபைக்கு நடந்த தேர்தலில், அதே கட்சி 117 இடங்களில் 48 ஐ மட்டுமே பெற்றதை நினைவில் வைத்தால் மாவட்டமும் நகரமும் எவ்வளவு வேறுபட்டவை என்பது புரியும். உள்ளூராட்சித் தேர்தலின் நோக்கும் முறையும் வேறு என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளியை முறை வேறுபாட்டால் மட்டும் விளக்கிவிட முடியாது.

இனிக் கணக்கு. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து நேரடியாக நிரப்பப்படுகின்றன. 29, நாடளாவிய வாக்குகளின்படி கட்சிகளுக்குப் பகிரப்படும் தேசியப் பட்டியலுக்கு உரியவை. அந்த 196 இல் 36, மாகாணத்துக்கு 4 வீதம் பகிரப்படுகின்றது. மீதி 160, வாக்காளர் தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் போகின்றது. 2024 இல் கொழும்பில் 1,765,351 பேரும் திருகோணமலையில் 315,925 பேரும் வாக்காளர் இடாப்பில் இருந்தனர். அதன்படி கொழும்புக்கு 18, நமக்கு 4.

ஒரு மாவட்டத்துக்குள் ஆசனங்களைப் பிரிப்பதற்கு அரசியலமைப்பின் 99 ஆவது உறுப்புரை விதி வகுத்திருக்கிறது. செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் முதலில் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. 1978 இல் இந்த எல்லை 12.5 சதவீதமாக இருந்தது, 1988 இல் 15 ஆவது திருத்தம் அதை 5 ஆகக் குறைத்தது. மாவட்டத்தில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் ஆசனம் உடனே கொடுக்கப்படுகின்றது. நாம் போனஸ் என்று சொல்வது இதைத்தான். பின்னர், நீக்கப்படாத எல்லாக் கட்சிகளும் (முதலிடக் கட்சி உட்பட) பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகையை, மொத்த ஆசனங்களில் ஒன்று குறைத்து வரும் எண்ணால் வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, ஓர் ஆசனத்துக்குரிய எண்ணைப் பெறுகிறார்கள். இந்தப் பதிலில் அதைத் தகுதி எண் என்று குறிப்பிடுகிறேன். ஒரு கட்சியின் வாக்குகளுக்குள் இந்தத் தகுதி எண் எத்தனை முறை முழுமையாக அடங்குகிறதோ அத்தனை ஆசனங்கள் அதற்கு. அதற்குப் பிறகும் ஆசனங்கள் மீந்தால், யாரிடம் அதிக மிச்ச வாக்குகள் இருக்கின்றனவோ அவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போகும். தகுதி எண்ணை ஒரு முறைகூட எட்டாத கட்சியின் முழு வாக்கும் மிச்ச வாக்காகவே கொள்ளப்படும் என்பதைக் கவனியுங்கள், திருகோணமலையின் கதை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நமது மாவட்டத்தில் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 87,031 வாக்குகளும், தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தி) 53,058 வாக்குகளும், வீடு (தமிழரசுக் கட்சி) 34,168 வாக்குகளும் பெற்றன. நான்காவதாக வந்த புதிய ஜனநாயக முன்னணியின் எரிவாயு சிலிண்டருக்கு 9,387 கிடைத்தது. அது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஆகவே நீக்கப்பட்டது. எஞ்சிய மூன்று கட்சிகளின் கூட்டுத்தொகை 174,257. இதை 3 ஆல் வகுத்தால் தகுதி எண் 58,086. தேசிய மக்கள் சக்திக்கு முதலிடத்துக்கான ஆசனம் ஒன்று, 87,031 இற்குள் 58,086 ஒரு முறை அடங்குவதால் இன்னொன்று, மிச்சம் 28,945. ஐக்கிய மக்கள் சக்தியும் தமிழரசுக் கட்சியும் தகுதி எண்ணை எட்டவே இல்லை, எனவே அவர்களுடைய 53,058 உம் 34,168 உம் அப்படியே மிச்ச வாக்குகள். மீந்திருந்த இரண்டு ஆசனங்களுக்கு 53,058, 34,168, 28,945 என்ற வரிசையில் மூவர் நிற்க, முதல் இருவருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. தேசிய மக்கள் சக்தியிலிருந்து அருண் ஹேமச்சந்திராவும் றொஷான் அக்மீமனவும், ஐக்கிய மக்கள் சக்தியிலிருந்து இம்ரான் மகரூபும், தமிழரசுக் கட்சியிலிருந்து சண்முகம் குகதாசனும் தெரிவானது இப்படித்தான்.

நான்கு ஆசனங்களில் தகுதி எண்ணை முழுமையாக எட்டிப் பெறப்பட்டது ஒன்றே ஒன்று. ஒன்று போனஸ், இரண்டு மிச்ச வாக்கால் வந்தவை. கொழும்பில் இதற்கு நேர்மாறு. அங்கு தேசிய மக்கள் சக்தி 788,636, ஐக்கிய மக்கள் சக்தி 208,249; வேறு எந்தக் கட்சியும் 5 சதவீதத்தை எட்டவில்லை. இரண்டின் கூட்டுத்தொகையான 996,885 ஐ 17 ஆல் வகுத்தால் தகுதி எண் 58,641 (நமது எண்ணுக்கு இவ்வளவு அருகில் வந்தது தற்செயல்). திசைகாட்டியின் வாக்குக்குள் அது 13 முறை அடங்குகிறது, 26,303 மிஞ்சுகிறது. தொலைபேசியின் வாக்குக்குள் 3 முறை அடங்கி 32,326 மிஞ்சுகிறது. போனஸோடு திசைகாட்டிக்கு 14 ஆகிறது. மீந்த ஒரே ஆசனம் அதிக மிச்சம் வைத்திருந்த தொலைபேசிக்குப் போய் அதன் கணக்கு 4 ஆகிறது. அதாவது 18 இல் 16 ஆசனங்கள் முழுத் தகுதி எண்ணால் வந்தவை. மிச்ச வாக்கின் தயவில் வந்தது ஒன்றே.

பெரிய மாவட்டத்தில் சதவீதம் ஆசனத்தை ஏறக்குறைய ஒட்டிச் செல்வதற்கும், சிறிய மாவட்டத்தில் அது தாறுமாறாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே. கொழும்பில் ஒரு கட்சி 50,000 வாக்குகளை இழந்தால் ஓர் ஆசனம் குறையலாம், பெரும்பாலும் அதற்கு மேல் குறையாது. திருகோணமலையில் மூன்றாமிடத்துக் கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைப்பதா, ஒன்றுமே கிடைக்காமல் போவதா என்பது சில ஆயிரம் வாக்குகளில் தொங்குகிறது, அதற்கு இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை.

இப்போது போனஸ் இல்லாமல் அதே கணக்கைப் போடுவோம். திருகோணமலையில் 174,257 ஐ 3 இற்குப் பதில் 4 ஆல் வகுத்தால் தகுதி எண் 43,565. திசைகாட்டிக்கு ஒன்று, மிச்சம் 43,466. தொலைபேசிக்கு ஒன்று, மிச்சம் 9,493. வீட்டுக்கு மிச்சம் 34,168. மீந்த இரண்டும் திசைகாட்டிக்கும் வீட்டுக்கும் போகின்றன. மீண்டும் 2, 1, 1. கொழும்பில் 18 ஆல் வகுத்தால் தகுதி எண் 55,383. திசைகாட்டிக்கு 14 நேரடியாகவே வந்துவிடுகிறது, தொலைபேசிக்கு 3 நேரடியாகவும் நான்காவது மிச்சத்தாலும் வருகிறது. போனஸ் ஓர் ஆசனத்தை முன்கூட்டியே கொடுக்கிறது, ஆனால் அதே வேளையில் தகுதி எண்ணை உயர்த்தி அதே கட்சியிடமிருந்து மிச்ச வாக்குகளைக் கரைத்துவிடுகிறது என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை.

இது 2024 இற்கு மட்டும் உரிய விநோதமல்ல. திருகோணமலையில் 2004 இலிருந்து நடந்த ஐந்து பாராளுமன்றத் தேர்தல்களும் 2, 1, 1 என்றே முடிந்திருக்கின்றன. மாறியது யாருக்கு 2 என்பது மட்டுமே. 2004 இல் தமிழரசுக் கட்சியின் பெயரில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 68,955 வாக்குகளுடன் 2 ஐ எடுத்தது; முஸ்லிம் காங்கிரஸ் 65,187 உடன் 1, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 31,053 உடன் 1. 2010 இல் சுதந்திரக் கூட்டமைப்பு 59,784 உடன் 2. ஐக்கிய தேசியக் கட்சி 39,691 உடன் 1. தமிழரசு 33,268 உடன் 1. 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சி 83,638 உடன் 2; தமிழரசு 45,894, சுதந்திரக் கூட்டமைப்பு 38,463, ஆளுக்கொன்று. 2020 இல் ஐக்கிய மக்கள் சக்தி 86,394 உடன் 2. பொதுஜன பெரமுன 68,681, தமிழரசு 39,570, ஆளுக்கொன்று. இந்த ஐந்தையும் போனஸ் இல்லாமல் கணக்கிட்டேன். ஒன்றில்கூட முடிவு மாறவில்லை.

அப்படியானால் போனஸ் என்பது வெறும் பேச்சா என்றால், அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 2024 இல் அங்கு 6 ஆசனங்கள். தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசு 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17 இற்கு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. உள்ள விதிப்படி முடிவு 3, 1, 1, 1. போனஸ் இல்லாமல் 6 ஆல் வகுத்தால் தகுதி எண் 40,041. திசைகாட்டிக்கு 2 கிடைத்து மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது, தமிழரசுக்கு ஒன்று நேரடியாகவும் 23,286 மிச்சத்தால் இன்னொன்றுமாக 2 கிடைக்கிறது. தமிழ் வாக்குகள் பல சின்னங்களில் சிதறிக் கிடந்த இடத்தில், 24.85 சதவீதம் பெற்ற கட்சிக்குப் பாதி ஆசனங்களைக் கொடுத்தது போனஸ்தான். ஆகவே அதைப் பற்றிய மனக்குறை யாழ்ப்பாணத்தில் நியாயமானது; அதை அப்படியே தூக்கி வந்து திருகோணமலைக்குப் பொருத்துவதுதான் பிழை.

5 சதவீத எல்லை வேறு கதை. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் தலைநகர மாவட்டத்தில் உண்மையிலேயே ஓர் ஆசனத்தைத் தீர்மானித்தது அதுதான். கொழும்பில் புதிய ஜனநாயக முன்னணி 51,020 வாக்குகளைப் பெற்றது, 4.44 சதவீதம். எல்லையைத் தொட இன்னும் ஏறத்தாழ 6,400 வாக்குகள் தேவைப்பட்டன. நீக்கப்பட்ட ஏனைய சிறு கட்சிகளிடமிருந்து அந்த 6,400 அதற்கு வந்து சேர்ந்திருந்தால் தகுதி எண் 62,000 ஐத் தாண்டியிருக்கும். தொலைபேசி தன் நான்காவது ஆசனத்தைச் சிலிண்டரிடம் இழந்திருக்கும். முடிவு 14, 3, 1 என்று வந்திருக்கும். நமது மாவட்டத்திலோ அதே கட்சி எல்லைக்கு இன்னும் அருகில், ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் நின்றுபோனது. ஆனால் அது எல்லையைத் தாண்டியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது, ஏனெனில் பத்தாயிரம் வாக்குகளுடன் மிச்ச வாக்கு வரிசையில் அது கடைசியிலேயே நின்றிருக்கும். இப்படி எல்லைக்குக் கீழே விழுந்து கணக்கில் சேராமல் போன வாக்குகள் திருகோணமலையில் ஏறத்தாழ 30,000, கொழும்பில் ஏறத்தாழ 152,000. வாக்குச் சாவடியில் வரிசையில் நின்று போடப்பட்ட, முற்றிலும் செல்லுபடியான வாக்குகள் அவை.

செல்லுபடியாகாதவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாடு முழுவதும் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, அளிக்கப்பட்டவற்றில் 5.65 சதவீதம். நமது வாக்குச் சீட்டில் மேலே கட்சிகளின் பெயரும் சின்னமும், கீழே வேட்பாளர்களுக்குரிய விருப்பு இலக்கங்களும் இருக்கின்றன. கட்சிக்கு முன்னால் புள்ளடி இடாமல் தமக்குத் தெரிந்த வேட்பாளரின் இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி இட்டுவிட்டு வருபவரின் சீட்டு முழுவதுமாக நிராகரிக்கப்படும், ஏனெனில் 7 ஆம் இலக்கம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது, அவர் எந்த 7 ஐக் கருதினார் என்று எண்ணுகிற அலுவலரால் சொல்ல முடியாது. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி இட்டாலும் அதே கதி. மாறாக, ஒரு கட்சிக்குச் சரியாகப் புள்ளடி இட்டுவிட்டு, மூன்றுக்கு மேற்பட்ட இலக்கங்களைக் குறித்தால் விருப்பு வாக்குகள் மட்டும் போகும், கட்சிக்கான வாக்கு நிற்கும். கட்சிகள் துண்டுப் பிரசுரங்களில் வேட்பாளரின் இலக்கத்தைப் பெரிதாகவும் சின்னத்தைச் சிறிதாகவும் அச்சிடுவதை நிறுத்தினால் இந்த எண்ணிக்கை கணிசமாகக் குறையும் என்பது என் அபிப்பிராயம்.

விருப்பு வாக்கு, கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை மாற்றாது. அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை மட்டும் தீர்மானிக்கும். கொழும்பில் தேசிய மக்கள் சக்தியின் ஹரிணி அமரசூரிய 655,289 விருப்பு வாக்குகளைப் பெற்றது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, ஆனால் அதனால் அவருடைய கட்சிக்கு ஓர் ஆசனம்கூடக் கூடவில்லை. அதன் மறுபக்கத்தை மனோ கணேசன் அனுபவித்தார். அவர் நின்ற ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலுக்குக் கொழும்பில் 4 ஆசனங்கள் கிடைத்தன. சஜித் பிரேமதாச, ஹர்ஷ டி சில்வா, முஜிபுர் ரஹ்மான், எஸ். எம். மரிக்கார் ஆகிய நால்வருக்குப் பின்னால் அவர் நின்றார். பின்னர் தேசியப் பட்டியல் வழியாகவே பாராளுமன்றம் சென்றார்.

டெல்லிக்கு வருகிறேன், அது சுருக்கமாக முடிந்துவிடும். அங்கு மாவட்டப் பட்டியல் என்று ஒன்று இல்லை. 7 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் அதிக வாக்குப் பெற்ற ஒருவர் மட்டும் தெரிவாவார். தோற்றவருக்குக் கிடைத்த வாக்குகளுக்கு அத்தொகுதிக்கு வெளியே எந்தப் பயனும் இல்லை. 2024 இல் ஆம் ஆத்மியும் காங்கிரஸும் 4 இற்கு 3 என்று தொகுதிகளைப் பங்கிட்டு ஒன்றாக நின்று 43 சதவீதம் பெற்றும் ஓர் இடமும் பெறவில்லை. 2009 இல் அதே 7 தொகுதிகளும் காங்கிரஸிடம் இருந்தன. 2014, 2019, 2024 மூன்று முறையும் பாரதிய ஜனதாவிடம். டெல்லியை நமது விதிப்படி 7 ஆசனங்கள் கொண்ட ஒரு மாவட்டமாகப் பாவித்து 2024 இன் சதவீதங்களைப் போட்டால் முடிவு 4 இற்கு 3 என்று வருகிறது. நாமும் 1977 வரை இந்த முறையில்தான் இருந்தோம். அந்த ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்குகளுடன் 168 இல் 140 ஐ எடுத்தது. சுதந்திரக் கட்சி 30 சதவீதத்துக்குச் சற்றே குறைவாகப் பெற்று 8 இடங்களோடு நின்றது. அதைவிடப் பல மடங்கு குறைந்த வாக்குகளைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, அவை வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்ததால், 18 இடங்களுடன் எதிர்க்கட்சியானது. இரா. சம்பந்தன் திருகோணமலைத் தொகுதியிலிருந்து முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்றது அந்தத் தேர்தலில்தான்.

அந்தப் பெயரோடு உங்கள் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். தமிழரசுக் கட்சியின் மூத்த தலைவரான சம்பந்தன் 2024 ஜூன் 30 ஆம் திகதி காலமானார். அவருடைய இடத்துக்கு விருப்பு வாக்கில் அடுத்து நின்ற குகதாசன் வந்தார். சில மாதங்களில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. பெரும் தலைவர் ஒருவர் இல்லாத முதல் தேர்தலில் இந்த ஓர் ஆசனம் கைநழுவிவிடுமோ என்ற கவலை திருகோணமலைத் தமிழர்களிடம் வெளிப்படையாகவே இருந்தது. தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் வேறு மாவட்டங்களில் மோதிக்கொண்டபோதும் இங்கு வீட்டுச் சின்னத்தில் ஒன்றாக நின்றன. அந்தக் கவலை மிகையானதல்ல என்பதை எண்கள் காட்டுகின்றன. வீட்டின் 34,168 இற்கும் திசைகாட்டியின் மிச்சமான 28,945 இற்கும் இடையே இருந்தது 5,223 வாக்குகள். வீட்டுக்குப் புள்ளடி இட்டவர்களில் 2,612 பேர் திசைகாட்டிக்கு மாறியிருந்தால் தேசிய மக்கள் சக்திக்கு 3, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, தமிழரசுக்கு ஒன்றுமில்லை. யாரும் மாறாமல், வாக்களிக்க வராதவர்களில் ஏறத்தாழ 7,800 பேர் புதிதாக வந்து திசைகாட்டிக்கு வாக்களித்திருந்தாலும் அதே முடிவுதான். 2004 இலிருந்து நடந்த ஐந்து தேர்தல்களிலும் கடைசி ஆசனம் இவ்வளவு குறுகிய இடைவெளியில் தீர்ந்ததில்லை. 2015 இல் இடைவெளி 10,824 ஆக இருந்தது, ஏனைய மூன்றிலும் 15,000 இற்கு மேல்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் திசைகாட்டியில் நின்ற அநுர குமார திசாநாயக்கவுக்குத் திருகோணமலை மாவட்டத்தில் கிடைத்தவை 49,886 வாக்குகள். தொலைபேசியில் நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 120,588. இரண்டே மாதங்களில் திசைகாட்டி 87,031 ஆக உயர்ந்தது, தொலைபேசி 53,058 ஆக இறங்கியது. எட்டு வாரங்களில் 37,000 வாக்குகள் கூடக்கூடிய மாவட்டத்தில் 2,612 என்பது ஒரு சிறு அசைவு. ஆகவே 3 ஆசனங்கள் சாத்தியமா என்றால், கணக்களவில் நன்றாகவே சாத்தியம். ஆனால் ஆட்சியில் இருக்கும் கட்சி அலையின் உச்சியில் பெற்ற வாக்கை அடுத்த முறையும் தக்கவைக்குமா என்பது வேறு விடயம், அதில் நான் சோதிடம் சொல்லப் போவதில்லை.

தேர்தல் இரவில் வானொலியில் சேருவில, மூதூர், திருகோணமலை என்று தொகுதி முடிவுகளும் தபால் மூல முடிவும் ஒவ்வொன்றாக வரும்போது, இறுதி அறிவிப்புக்குக் காத்திராமல் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மூன்று கட்சிகள் மட்டும் 5 சதவீத எல்லையைத் தாண்டி, அவற்றில் முதற்கட்சி மட்டும் தகுதி எண்ணை ஒரு முறை எட்டியிருக்கும் நிலையில், முதற்கட்சியின் வாக்கை இரண்டால் பெருக்குங்கள். மூன்றாவது கட்சியின் வாக்கை நான்கால் பெருக்கி அதோடு இரண்டாவது கட்சியின் வாக்கைக் கூட்டுங்கள். முதலாவது தொகை பெரிதானால் 3, 1. இரண்டாவது தொகை பெரிதானால் 2, 1, 1. 2024 இல் முதலாவது தொகை 174,062, இரண்டாவது 189,730.

இரண்டாவது கட்சியின் வாக்கும் மூன்றாவது கட்சியின் பக்கத்திலேயே கூட்டப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். தொலைபேசிக்கு விழும் ஒவ்வொரு வாக்கும் தகுதி எண்ணை உயர்த்துகிறது. தகுதி எண் உயர உயரத் திசைகாட்டியின் மிச்சம் குறைகிறது. 2024 இல் மூதூரிலும் கிண்ணியாவிலும் இம்ரான் மகரூபை மனத்தில் வைத்துத் தொலைபேசிக்குப் புள்ளடி இட்ட முஸ்லிம் வாக்காளர்கள், தாம் அறியாமலேயே குகதாசனின் ஆசனத்தையும் காத்தார்கள். அவர்களில் 5,224 பேர் திசைகாட்டிக்குப் போயிருந்தால், வீட்டுக்கு ஒரு வாக்குக்கூடக் குறையாதிருந்தும், தமிழரசுக் கட்சி அந்த ஆசனத்தை இழந்திருக்கும்.